கோட்டை விட்டது யார்?

போன வாரம் எங்கள் பழைய அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவில் பிரியதர்ஷினி ஒரு படம் போட்டிருந்தார். இப்போது டிரான்ஸ்மிஷன் அறையைப் பார்த்துக்கொள்ளும் இளம் பொறியாளர் அவர். அலமாரியை ஒழித்தபோது கிடைத்ததாம். செங்கல் அளவில் ஒரு மஞ்சள் பெட்டி, ஓரம் நைந்த ரப்பர் உறை, திரையில் 28.4 என்று ஓர் எண். இது யாருடைய பவர் மீட்டர், எந்த ஒளியிழையில் மாட்டினாலும் மைனஸ் வரவே மாட்டேன் என்கிறதே என்று கேட்டிருந்தார்.

குழுவில் இருக்கும் ஓய்வு பெற்றவர்கள், விடிந்தால் ரோஜாப்பூ படம் அனுப்புவதைத் தவிர வேறு பொறுப்பு இல்லாதவர்கள். பாய்ந்து வந்துவிட்டார்கள். அது கலியபெருமாள் சாருடையது என்றார் ஒருவர். கலியபெருமாள் நான்தான். மைனஸே வராத மீட்டரை வைத்துக்கொண்டு இருபது வருடம் ஓட்டிய மேதை என்றார் இன்னொருவர். அதோடு விட்டிருந்தால் நானும் ஒரு ரோஜாப்பூவை அனுப்பிவிட்டுப் படுத்திருப்பேன். ஆனால் பிரியதர்ஷினி அடுத்த கேள்வியைப் போட்டார்: "சேதராப்பட்டுல முதல் கோஹெரன்ட் கார்டு எரிஞ்சிச்சாமே சார், யாரோ ஒரு கான்ட்ராக்ட் லேடி மைனஸ் சொல்லாம கோட்டை விட்டாங்களாமே, அதுக்கும் இந்த மீட்டருக்கும் சம்பந்தம் இருக்கா?"

அதற்கு மூன்று பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள். மூன்று பேரும் சம்பவத்தன்று அலுவலகத்திலேயே இல்லை. ஒருவர் அப்போது திருப்பதியில் மொட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊழியர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு அனுபவக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் இரண்டு மாதமாகத் துரத்துகிறார். ரிசீவரின் உணர்திறன் பற்றி எழுதுங்கள், இளையவர்களுக்குப் பயன்படும் என்கிறார். சரி, எழுதுகிறேன். அவர் எதிர்பார்க்கிற கட்டுரையாக இருக்காது.

நான் வேலைக்கு வந்த கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அப்பா மில்லில் நூற்புப் பிரிவு. மில்லை மூடுவதும் திறப்பதுமாக இருந்ததால், சர்க்கார் வேலை என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் கற்பூரம் காட்டாத குறை. தொலைபேசி இலாகாவில் இடம் கிடைத்தது. வடக்கே ஒரு பயிற்சி நிலையத்தில் ஆறு மாதம் சப்பாத்தி தின்றேன்; கூடவே கொஞ்சம் மின்னணுவியலும் உள்ளே போயிருக்க வேண்டும். திரும்பி வந்து உப்பளம் பக்கத்து நிலையத்தில் உட்கார்ந்தவன், ஓய்வு பெறும் வரை எழுந்திருக்கவில்லை. செம்புக் கம்பி போய் ஒளியிழை வந்தபோது நாற்காலியை மட்டும் இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

ஒளியிழையில் வரும் வெளிச்சத்தை அளக்கிற கணக்கு எளிது. அலகுக்கு டிபிஎம் என்று பெயர்; ஒரு மில்லிவாட் இருந்தால் மீட்டர் பூஜ்யம் காட்டும். அதற்கு மேலே போனால் பிளஸ், கீழே போனால் மைனஸ். மில்லிவாட்டில் நூற்றில் ஒரு பங்கு என்றால் மைனஸ் இருபது. ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் மைனஸ் முப்பது. மைனஸ் பக்கத்தில் எண் பெருக்கப் பெருக்க வெளிச்சம் சிறுக்கும். எவ்வளவு சிறிய வெளிச்சம் வரை ஒரு ரிசீவர் பிழையில்லாமல் படிக்கிறதோ, அதுதான் அதன் உணர்திறன். எங்கள் பழைய ரிசீவர்கள் மைனஸ் இருபத்தெட்டு வரை தாக்குப்பிடிக்கும். அதற்கும் கீழே போனால் எதையாவது உளற ஆரம்பித்துவிடும், சட்டசபையில் எதிர்பாராத கேள்வி கேட்கப்பட்ட அமைச்சர் மாதிரி.

எங்களுக்கு வந்ததெல்லாம் மைனஸ்தான். எங்கிருந்தோ மண்ணுக்கடியில் ஊர்ந்து வருகிற வெளிச்சம் எங்கள் மேசைக்கு வரும்போது களைத்துப்போய்த்தான் வரும். பிளஸ் என்ற ஒன்றை எங்கள் அறையில் யாரும் கண்ணால் கண்டதில்லை. அதனால் மைனஸ் என்ற சொல்லையே விழுங்கிவிட்டோம். போனில் "என்னா வருது?" என்று கேட்டால் "இருபத்திரண்டு" என்று பதில் வரும். மைனஸ் இருபத்திரண்டு என்று யாராவது சொன்னால் அவர் புதுசு என்று அர்த்தம்.

என் மீட்டரும் இந்த வழக்கத்துக்கு ஒத்துழைத்தது. ஒருமுறை மேசையிலிருந்து விழுந்ததில், எண்ணுக்கு முன்னால் வரும் அந்தச் சின்னப் படுக்கைக் கோடு மட்டும் செத்துப்போயிற்று. மற்றதெல்லாம் நன்றாக வேலை செய்தது. பழுது பார்க்க அனுப்பினால் ஆறு மாதம் ஆகும். கோடுதானே, இருப்பது எல்லோருக்கும் தெரியும், அதைத் திரையில் வேறு காட்ட வேண்டுமா என்று விட்டுவிட்டேன். ஒரு அறை முழுக்கப் படித்தவர்கள் சேர்ந்து எடுத்த முடிவு இது.

இந்த ஆனந்தத்தைக் கெடுக்க வந்தவர் லூர்துநாதன். எங்கள் கோட்டப் பொறியாளர். என்னைவிடப் பத்து வயது இளையவர். பரீட்சை எழுதி நேராக அதிகாரி நாற்காலிக்கு வந்தவர். அதுவே அவர்மேல் எனக்குப் போதுமான காரணம். அவர் குடும்பத்தில் பாதிப் பேர் பிரான்சில். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் வம்சம்; எங்கள் ஊரில் சொல்தா வீடு என்பார்கள். பிரெஞ்சுக்காரன் கப்பலேறிப் போன பிறகும் அவர் வீட்டு மத்தியானச் சாப்பாடு போகவில்லை. பன்னிரண்டு அடித்தால் பேனாவை மூடுவார், இரண்டு அடித்தால் திறப்பார். நடுவில் நிலையமே தீப்பிடித்தாலும் இரண்டு மணிக்கு வந்து அணைப்பார் என்று நான்தான் கிளப்பிவிட்டேன்.

சத்தம் போடத் தெரியாத மனிதர். தப்பைக் கண்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் நாமே ஒப்புக்கொண்டுவிட வேண்டும் என்பது ஏற்பாடு. பிரெஞ்சில் ஐயா என்பதற்கு முசியே; எல்லோரையும் அப்படித்தான் அழைப்பார். கூட்டிப் பெருக்கும் முனுசாமியும் முசியேதான். வந்த முதல் வாரம் என் மேசைக்குப் பக்கத்தில் நின்று போன் பேச்சைக் கேட்டார். வைத்ததும், "இருபத்தஞ்சுன்னா என்ன, முசியே? முவேனா, ப்ளுஸா?" என்றார். மைனஸை அவர் வாய் பிரெஞ்சில் முவேன் என்றுதான் சொல்லும். மைனஸ்தான் சார், வேற என்ன வரும் என்றேன். கண்ணாடியைக் கழற்றினார்.

மறுநாள் சுவரில் ஒரு சுற்றறிக்கை. அளவு சொல்பவர் முதலில் குறியைச் சொல்ல வேண்டும், பிறகு எண், பிறகு அலகு. கேட்பவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் சரி என்ற பிறகுதான் பதிவேட்டில் எழுத வேண்டும். பூசையில் சாமியார் சொல்லச் சனங்கள் பதில் சொல்வது போல இருக்கிறதே என்று நாங்கள் ஆமென் போட்டுச் சிரித்தோம். அவருக்கு முவேன் முசியே என்று பெயர் வைத்ததும் நான்தான். அவர் இருந்தால் மந்திரம் ஓதுவோம். சாப்பிடப் போனால் பழையபடி இருபத்திரண்டு.

இந்த நிலையில்தான் கோஹெரன்ட் வந்தது. பழைய ரிசீவர் வெளிச்சம் இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் பார்க்கும். புதிய ரிசீவருக்குள் சொந்தமாகவே ஒரு லேசர் உண்டு. வெளியிலிருந்து வரும் மெலிந்த ஒளியைத் தன் ஒளியோடு கலந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் படிக்கும். நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒருவர் ஒத்து ஊதுவாரே, அதுபோல. ஒத்து ஒரே சுருதியில் நிற்பதால்தான் வாசிப்பவர் எங்கே ஏறுகிறார், எங்கே இறங்குகிறார் என்று நமக்குப் பிடிபடுகிறது. ஒத்து பலமாக இருப்பதால், பழைய ரிசீவர் கைவிரிக்கிற அளவு மெலிந்த ஒளியையும் இது படித்துவிடும். ஒரே நிபந்தனை, ஒத்தின் சுருதி வருகிற ஒளியின் சுருதியோடு சேர வேண்டும். வேறு சுருதிக்கு வைத்துவிட்டால், ஒளி எவ்வளவு வந்தாலும் ஒன்றும் வரவில்லை என்று சிவப்பு விளக்கைப் போடும்.

வகுப்பில் இதை விளக்கியபோது எங்கள் அறையில் நான்கைந்து பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மேலிடத்துக்கு ஒத்து ஊதியே மேலே வந்தவர்கள். தங்கள் தொழிலுக்கு அறிவியல் அங்கீகாரம் கிடைத்த பெருமிதம் முகத்தில் தெரிந்தது.

இந்தப் புதிய ரிசீவர் உள்ள முதல் கார்டு சேதராப்பட்டுக்கு வந்தது. தொழிற்பேட்டை ஓரத்தில் எங்களுக்கு ஒரு சிறு கட்டிடம் உண்டு. சென்னையிலிருந்து வரும் ஒளியை அங்கே ஓர் ஆம்ப்ளிஃபையர் வாங்கி, ஊதிப் பெரிதாக்கும். அதற்கும் கார்டுக்கும் நடுவில் பேட் என்று விரல் நீளத்தில் ஒரு அடைப்பு. ஊதிய ஒளி கார்டைச் சுட்டுவிடாமல் பேட் அதைக் குறைத்து அனுப்பும். அந்தக் கட்டிடத்தைப் பார்த்துக்கொண்டவர் அஞ்சலாட்சி. வைத்திக்குப்பத்துக்காரர், நாற்பது வயது இருக்கும், எட்டு வருடமாக ஒப்பந்தக்காரரிடம் வேலை. இழை ஒட்டுவதில் எங்கள் நிரந்தர ஊழியர்கள் யாரும் அவர் பக்கத்தில் வர முடியாது. அதனாலேயே அவர் நிரந்தரம் ஆகவில்லை என்று நினைக்கிறேன். வேலை தெரிந்தவரை வைத்துக்கொண்டு இலாகா என்ன செய்யும்?

அது ஒரு புதன்கிழமை. சென்னையிலிருந்து வந்த நிறுவல் குழு கார்டை மாட்டி, விளக்குகளை எரியவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, லட்டு தின்றுவிட்டுப் போய்விட்டது. அவர்கள் கார் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பார்த்தால் கார்டில் சிவப்பு. லூர்துநாதன் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். மணி பன்னிரண்டே முக்கால் இருக்கும். அஞ்சலாட்சி எனக்குப் போன் செய்தார். ஆம்ப்ளிஃபையரிலிருந்து என்ன வருகிறது, மீட்டரில் மாட்டிப் பார் என்றேன்.

"பதினேழு வருது சார்."

நான் பதிவேட்டை இழுத்து எழுதத் தொடங்கினேன். கை தானாகவே முதலில் ஒரு கோட்டைப் போட்டது. பிறகு 17.

"ஆனா கோடு இல்ல சார்," என்றார் அஞ்சலாட்சி. "வெறும் பதினேழுதான் நிக்குது."

"கோடு கெடக்குது வுடும்மா. எம் மீட்டர்லகூடத்தான் வராது."

என் மூளையில் கணக்கு ஓடியது. மைனஸ் பதினேழே குறைச்சல். அதில் பேட் வேறு இருபதைத் தின்றால் மைனஸ் முப்பத்தேழு. எந்த ஒத்து வந்து ஊதினாலும் கார்டுக்குக் கேட்காது. பேடைக் கழற்றிவிட்டு இழையை நேராக மாட்டு என்றேன். அவர் கொஞ்சம் தயங்கினார். "நேராவா சார்? பெரிய சார் வந்த பெறவு மாட்டலாமா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. எட்டு வருட ஒப்பந்தக்காரி என் முப்பத்தாறு வருடத்தைச் சந்தேகப்படுகிறாளே என்று தோன்றியது. அப்படியேதான் தோன்றியது, அதை மாற்றி எழுத விருப்பமில்லை. நான் சொல்றேன்ல, மாட்டு என்றேன்.

மாட்டினார். இழை பொருந்துகிற சத்தம் போனில் கேட்டது. பிறகு, "சார், சிவப்புகூட அணைஞ்சிடுச்சு," என்றார்.

வந்தது பிளஸ் பதினேழு. ஐம்பது மில்லிவாட். மைனஸ் பதினேழைவிட இரண்டாயிரத்து ஐந்நூறு மடங்கு. மெல்லிய சத்தம் கேட்கப் பழகிய காதுக்குள் ஊசிவெடி வைத்த மாதிரி. எங்கள் கோட்டத்துக்கு வந்த முதல் கார்டை, லட்டு செரிப்பதற்குள் கொன்றுவிட்டேன்.

இரண்டு மணிக்கு லூர்துநாதன் பேனாவைத் திறந்தார். நான் போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன், கொஞ்சம் குறைத்து. என்ன அளவு சொன்னாங்க என்று கேட்டார். பதினேழு என்றேன்.

"முவேனா, ப்ளுஸா?"

"மைனஸ்னுதான் சார் சொன்னாங்க."

கேட்டது ஒரு வினாடி, சொன்னது ஒரு வினாடி. யோசித்துச் சொன்ன பொய் என்று பெருமைப்பட்டுக்கொள்ளக்கூட வழியில்லை. எனக்கு ஓய்வுக்குப் பதினான்கு மாதம் பாக்கி. கடைசிப் பதவி உயர்வுக்கான பட்டியல் சென்னையில் யாரோ ஒருவர் மேசையில் இருந்தது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. போனில் பேச்சைக் கேட்டே பழுதைச் சொல்லிவிடுவார் கலியபெருமாள் என்று எனக்கு ஒரு பேர் இருந்தது. அதைப் பரப்பியதும் நான்தான் என்பதால் அதன் மேல் தனிப் பாசம்.

லூர்துநாதன் பதிவேட்டைப் பார்த்தார். என் கையெழுத்தில் தெளிவாக −17 இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. மாட்டிக்கொண்டு, சரி என்றார்.

ஒப்பந்தக்காரர் விசாரணைக்கெல்லாம் காத்திருக்கவில்லை. சாயங்காலமே அஞ்சலாட்சியிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கோடு இல்லையென்று சாரிடம் சொன்னேனே என்று அவர் சொன்னாராம். சார் எழுதியே வைத்திருக்கிறாரே, நீ என்ன சொல்வது என்றாராம் ஒப்பந்தக்காரர். இதை எனக்கு வந்து சொன்னவர், நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்துச் சொன்னார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனேன். இரண்டையும் ஒரே ஆள் செய்ய முடியும் என்று அந்த வாரத்தில் தெரிந்துகொண்டேன்.

அலுவலகத்தில் எல்லோரும் என்னிடம் பரிவாக நடந்துகொண்டார்கள். படிக்காத ஆட்களை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய கருவியை எப்படி சார் பார்ப்பது என்றார் ஒருவர். அஞ்சலாட்சி தொழிற்பயிற்சி முடித்தவர். கேட்டவர் பட்டமே வாங்காமல் பட்டதாரி என்று எழுதிக்கொண்டிருப்பவர். நான் தலையாட்டினேன். ஒத்து ஊதுவது கஷ்டமான வேலை இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை வேறு நிலையத்திலிருந்து ஒரு கார்டு இரவலாக வந்தது. அதை மாட்ட லூர்துநாதன் என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு சேதராப்பட்டுக்குப் போனார். நான் என் மஞ்சள் மீட்டரை எடுத்துக்கொண்டேன். வேண்டாம், அங்கேயே ஒன்று இருக்கிறது என்று அதை வைத்துவிட்டு வரச் சொன்னார்.

அஞ்சலாட்சியின் மீட்டர் மேசை இழுப்பறையில் துணி சுற்றி வைத்திருந்தது. லூர்துநாதன் அதை ஆம்ப்ளிஃபையரில் மாட்டினார். 17.0. முன்னால் எதுவும் இல்லை. பிறகு பேடைச் சேர்த்து மாட்டினார். −3.1. கோடு கறுப்பாக, கொழுகொழுவென்று நின்றது. அந்த மீட்டரில் கோடு சாகவில்லை. செத்தது என் மீட்டரில். அஞ்சலாட்சி கண்ணால் பார்த்ததைச் சொன்னார், நான் பார்க்காததை எழுதினேன்.

"கோடு தெரியுதா, முசியே?"

"தெரியுது சார்."

அவ்வளவுதான் பேச்சு. புதிய கார்டைப் பேடோடு மாட்டினார். மறுபடியும் சிவப்பு. அவர் கணினியில் அமைப்பைத் திறந்து பார்த்தார். லட்டுக் குழு கிளம்புகிற அவசரத்தில் கார்டின் ஒத்தை, அதாவது உள் லேசரை, பக்கத்துச் சுருதிக்கு வைத்துவிட்டுப் போயிருந்தது. சேனல் எண்ணில் ஒன்று கூடுதல். ஒன்றைக் குறைத்ததும் பச்சை எரிந்தது. அதாவது, அன்றைக்கு வெளிச்சம் சரியாகத்தான் வந்தது. பேடைத் தொடவே தேவையிருக்கவில்லை. அளவு சரி, சொன்னவர் சரி, அவர் தயங்கியதும் சரி. தப்பாக இருந்தவை இரண்டே. ஒன்று சேனல் எண், இன்னொன்று நான்.

திரும்பும் வழியில் அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். சங்கத்தில் முப்பது வருடப் பழக்கம். அவர் வழியெல்லாம் வஞ்சிர மீன் இப்போது கிடைப்பதில்லை என்று பேசிக்கொண்டு வந்தார். நிலைய வாசலில் இறங்கும்போது மட்டும், "அறிக்கை வெள்ளிக்கிழமை போவணும், முசியே," என்றார்.

புதன் முழுக்க யோசித்தேன். பதவி உயர்வு ஒரு பக்கம். மறுபக்கம், துணி சுற்றி வைத்த மீட்டர். வியாழக்கிழமை காலையில் ஒரு பையை எடுத்துக்கொண்டு, மீன் வாங்கப் போகிறவனைப் போல வைத்திக்குப்பத்துக்குப் போனேன்.

அஞ்சலாட்சி அவருடைய அண்ணியோடு உட்கார்ந்து மீன் விற்றுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருப்பார் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"வாங்க சார். சங்கரா இருக்கு, போடட்டா?"

போடு என்றேன். மின்தராசில் தட்டை வைத்து, பூஜ்யமாக்கி, மீனை அள்ளிப் போட்டார். நிறுத்து முடித்து மீனோடு தட்டைத் தூக்கியதும், தராசின் திரையில் 0.350 என்று வந்தது. அதற்கு முன்னால் சின்னதாக ஒரு கோடு. அவர் விரலால் அதைத் தொட்டுக் காட்டினார்.

"பாருங்க சார், கோடு. தட்ட எடுத்தா வரும், வச்சா போவும். எங்க அண்ணி ரெண்டாங் கிளாசு. அவங்களுக்கே தெரியும், கோடு இருந்தா வேற, இல்லன்னா வேற."

அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பையை விரித்துப் பிடித்தபடி நின்றேன்.

"கோடு இல்லன்னு சொன்னனா இல்லியா சார்?"

"சொன்ன."

"தெரியுதுல்ல?"

"தெரியும்மா. எந் தப்புதான்."

அழுவார் என்றோ, மன்னிப்பார் என்றோ மனசு எதையோ தயார் செய்து வைத்திருந்தது. அவர் மீனைப் பையில் கொட்டினார். "இத எங்கிட்ட சொல்லி என்னா சார் ஆவப் போவுது? எங்க எழுதுனீங்களோ அங்க போயிச் சொல்லுங்க," என்றார். பிறகு எனக்குப் பின்னால் நின்றவரிடம், உங்களுக்கு என்னாம்மா என்று கேட்டார்.

சங்கராவை வீட்டில் கொடுத்துவிட்டு நேராக அலுவலகம் போயிருந்தால் கதைக்கு நன்றாக இருக்கும். நான் போகவில்லை. தலைவலி என்று விடுப்புச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு, அவர் பேனாவை மூட அரை மணி இருக்கும்போதுதான் பதிவேட்டோடு உள்ளே போனேன்.

அவங்க கோடு இல்லன்னு சொன்னாங்க சார், நான்தான் போட்டேன் என்றேன். லூர்துநாதன் கண்ணாடியைக் கழற்றவில்லை. பதிவேட்டைத் திறந்து, அந்தப் பக்கத்தை என் பக்கமாகத் திருப்பி, சிவப்புப் பேனாவை மேலே வைத்தார். நான் −17ஐ அடித்துவிட்டுப் புதிதாக எழுதப் போனேன். கையை நீட்டித் தடுத்தார்.

"அடிக்காதீங்க. அடிச்சா மறைக்கிற மாதிரி இருக்கும். நீங்க படுக்கப் போட்ட கோடு அப்படியே கெடக்கட்டும். அது மேல நிமித்தி ஒண்ணு போடுங்க. பக்கத்துல கையெழுத்து, இன்னைக்குத் தேதி."

போட்டேன். ஒரு நெல்மணி நீளம் இருக்குமா அந்தக் கோடு? மைனஸ் பிளஸ் ஆயிற்று. கறுப்பு மையில் படுத்திருக்கும் கோடு ஒரு புதன்கிழமையுடையது, சிவப்பு மையில் நிற்கும் கோடு அதற்கு ஒன்பது நாள் கழித்து வந்த வெள்ளிக்கிழமையுடையது. இரண்டும் என் கை. கீழே, "கோடு இல்லை என்று அஞ்சலாட்சி தெளிவாகச் சொன்னார். நான் கேட்கவில்லை" என்றும் எழுதினேன். அதை அவர் எழுதச் சொல்லவில்லை.

அவர் வாசித்துப் பார்த்துவிட்டு, மெர்சி என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். பன்னிரண்டு அடித்தது. பேனாவை மூடிக்கொண்டு சாப்பிடப் போனார்.

எனக்கு ஒரு கண்டனக் கடிதம் வந்தது. பதவி உயர்வு வரவில்லை. போனிலேயே பழுது சொல்லும் பேரும் போயிற்று. அது ஒன்றும் இலாகாவுக்கு இழப்பில்லை. ஒப்பந்தக்காரர் அஞ்சலாட்சியைத் திரும்பக் கூப்பிட்டார். அவர் உடனே வந்துவிடவில்லை. என் கையெழுத்துள்ள பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்கி, வாசித்துப் பார்த்த பிறகுதான் வந்தார். வந்த முதல் நாள் காலையில் போன் அடித்தது.

"மைனஸ் மூணு புள்ளி ஒண்ணு டிபிஎம் சார். கோடு இருக்கு. திருப்பிச் சொல்லுங்க."

திருப்பிச் சொன்னேன். அறையில் யாரும் ஆமென் போடவில்லை. அதற்கப்புறம் ஓய்வு பெறும் நாள் வரை தினமும் சொன்னேன். லூர்துநாதன் இருந்தாலும் சொன்னேன், சாப்பிடப் போயிருந்தாலும் சொன்னேன்.

இப்போது எல்லாம் திரையிலேயே வருகிறதாம். கார்டே தன் அளவைத் தானே சொல்லிக்கொள்கிறதாம், பிளஸ் மைனஸ் எல்லாம் போட்டு. பிழைகளையும் ஒரு எல்லை வரை தானே திருத்திக்கொள்கிறதாம். நல்லது. எங்கள் காலத்தில் அந்த வசதி கார்டுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அந்தப் பதிவேடு அலுவலகம் கணினிமயமானபோது பழைய பேப்பரோடு போய்விட்டது. கட்டைவிரல்கள் மட்டும் மிச்சமிருக்கின்றன. அதனால்தான் இதை மலரில் அச்சிடக் கேட்கிறேன். செயலாளர் நீளம் கருதி எதையாவது வெட்ட வேண்டுமானால், மில்லையும் சப்பாத்தியையும் வெட்டிக்கொள்ளட்டும்.

பிரியதர்ஷினிக்குக் குழுவிலேயே பதில் போட்டுவிட்டேன். அம்மா, மஞ்சள் மீட்டர் என்னுடையது. அது சேதராப்பட்டுக்குப் போனதே இல்லை. அந்த கான்ட்ராக்ட் லேடியின் பெயர் அஞ்சலாட்சி. இப்போதும் அங்கேதான் இருக்கிறார், நம்பர் தருகிறேன், கேட்டுப் பாருங்கள். கோட்டை விட்டது அவர் இல்லை. இல்லாத கோட்டைப் போட்டது நான்.